கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரில தங்கச்சி பிரசவம்: பத்து மாச ரிவ்யூ

மிக்ஸி வாங்குனா ரிவ்யூ போடுறோம், பிரியாணி சாப்ட்டா ரிவ்யூ போடுறோம், பத்து மாசம் நாயா அலைஞ்ச விஷயத்துக்கு மட்டும் யாரும் போடுறதில்ல, அதான் நான் போடுறேன். என் தங்கச்சிக்கு போன வருஷம் தலைப்பிரசவம். எங்க ஏரியா கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரில பதிஞ்சு மாசாமாசம் காட்டி, கடைசில ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரில பெத்தா. கூட அலைஞ்சது பூரா நான்தான். எங்கம்மாவுக்கு முட்டி வலி, நாலு படி ஏறுனா உக்காந்துடுவாங்க. தங்கச்சி வீட்டுக்காரருக்கு மாதவரம் பக்கம் ஒரு குடோன்ல நைட் ஷிஃப்ட், பகல்ல மனுஷன் தூங்கணும். எனக்கு ஆறு வருஷம் முன்னாடி பிரைவேட்லதான் பொறந்தது, அதனால ரெண்டு பக்கமும் பாத்தவள்னு வெச்சுக்கோங்க. புரசைவாக்கத்துல ஜவுளிக்கடை பில்லிங்ல நிக்கிறவ நான், லீவு போட்டா சம்பளத்துல புடிப்பாங்க, அந்த கடுப்பும் இதுல கொஞ்சம் கலந்திருக்கும், பொறுத்துக்கோங்க.

ஸ்டார் மொதல்லயே சொல்லிடுறேன். நர்ஸுக்கு அஞ்சுக்கு அஞ்சு. டாக்டருங்களுக்கு நாலரை. மருந்து மாத்திரைக்கு அஞ்சு. காசு வர்ற வேகத்துக்கு ரெண்டு. லேபர் வார்டுல பேசுற பேச்சுக்கு ஒண்ணு, அதுவும் அந்த ராத்திரி டூட்டில இருந்த ஒரு சின்ன டாக்டரம்மாவுக்காக. பாத்ரூமுக்கு ஸ்டாரே கிடையாது.

அவ முழுகாம இருக்கான்னு தெரிஞ்சதுமே நான் சொன்னது பிரைவேட்ல பாத்துக்கலாம்டின்னுதான். மாப்பிள்ள கணக்கு போட்டு பாத்துட்டு கார்ப்பரேஷன்லயே காட்டலாம்னாரு. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு மாதிரிதான் இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. ஆனா எனக்கு அந்த பிரைவேட்ல ஆன பில்லு ஒரு லட்சத்து பன்னெண்டாயிரம். முப்பத்தெட்டாவது வாரம் "தண்ணி கம்மியா இருக்கு"ன்னு ஒரே ஒரு வார்த்த, சாயங்காலம் ஆபரேஷன் தியேட்டர்ல இருந்தேன். நெஜமாவே கம்மியா இருந்துச்சான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு தெரியாது. 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல சர்வேல நம்ம தமிழ்நாட்டுல பிரைவேட்ல நடக்குற பிரசவத்துல 100க்கு 63க்கு மேல சிசேரியன், அரசு ஆஸ்பத்திரில 36. அரசுலயும் 36ன்றது கம்மி ஒண்ணும் இல்ல, பெரிய சிக்கல் கேஸெல்லாம் அங்கதான் தள்ளிவிடுறாங்கன்றதையும் சேத்துதான் பாக்கணும். இருந்தாலும் அந்த ரெண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல பாத்தப்போ என் வயித்துல இருக்குற தழும்ப ஒருதடவ தொட்டு பாத்துக்கிட்டேன்.

சரி, பதியுற கதைக்கு வரேன். மொத வேலை பிக்மி நம்பர். மாசமா இருக்குறவங்க எல்லாரும் பதிஞ்சு வாங்க வேண்டிய 12 இலக்க நம்பர், பிரைவேட்ல காட்டுறவங்களுக்கும் வேணும், ஏன்னா பொறப்பு சர்டிபிகேட் எடுக்கும்போது இத கேப்பாங்க. இத நெறைய பேர் கடைசி மாசம் வரைக்கும் விட்டுட்டு அப்புறம் அலையுறாங்க. பன்னெண்டு வாரத்துக்குள்ள பதிஞ்சுடுங்க, உதவித்தொகைக்கும் அதான் கணக்கு. நாங்க போன அன்னிக்கு சர்வர் டவுன். மறுநாள் போனா ஆதார்ல இனிஷியல் முன்னாடி இருக்கு, ரேஷன் கார்டுல பின்னாடி இருக்கு. மூணாவது நாள்தான் நம்பர் வந்துச்சு. மூணு நாள் அரைநாள் லீவு போச்சா, அன்னிக்கு என்னை கேட்டிருந்தா இந்த ரிவ்யூ வேற மாதிரி இருந்திருக்கும்.

அதுக்கப்புறம்தான் அந்த சிஸ்டர் எங்க வாழ்க்கையில வந்தாங்க. ஏரியாவுக்குன்னு இருக்குற நகர சுகாதார நர்ஸ். அம்பது வயசு இருக்கும், ஸ்கூட்டி, கையில ஒரு தடி ரெஜிஸ்டர், அதுக்கு மேல பிளாஸ்டிக் கவர் போட்டு ரப்பர் பேண்டு. அந்த ரெஜிஸ்டர்ல ஏரியாவுல மாசமா இருக்குற அத்தன பேரும் இருக்காங்க, யாருக்கு எத்தனாவது மாசம், யாரு செக்கப் வரல, யாருக்கு டிடின்ற டெட்டனஸ் ஊசி பாக்கி, யாரு அம்மா வீட்டுக்கு போயிட்டா, எல்லாம். எங்க சென்டர்ல செவ்வாய்க்கிழமதான் மாசமானவங்களுக்கு செக்கப். செவ்வாய் மத்தியானம் ஒரு மணி வரைக்கும் போகலன்னா ஒன்றரைக்கு போன் வரும். எடுக்கலன்னா எனக்கு வரும். நான் பில் போட்டுக்கிட்டு இருப்பேன், கஸ்டமர் கார்டு நீட்டிக்கிட்டு நிப்பாங்க, போன்ல "ஏம்மா உன் தங்கச்சி எங்க, தூங்குறாளா"ன்னு அதட்டல்.

திட்டுவாங்க. சும்மா இல்ல, நல்லா திட்டுவாங்க. ஆறாவது மாசம் நடந்தத சொன்னாதான் புரியும். எச்பி, அதாவது ரத்தத்துல இருக்குற ஹீமோகுளோபின் அளவு பாத்தாங்க, 8.6. மொத மாசத்துல 10.1 இருந்தது எறங்கியிருக்கு. சிஸ்டர் நிமிந்து பாத்து "மாத்திர போடுறியா"ன்னாங்க. "டெய்லி போடுறேன் சிஸ்டர்"னு இவ கண்ணு சிமிட்டாம சொல்றா. "சரி, வெளிக்கி என்ன கலர்ல போகுது?" இவ ஒரு செகண்ட் முழிச்சுட்டு "சாதாரணமாத்தான் போகுது சிஸ்டர்"னா. அவ்ளோதான், மாட்டிக்கிட்டா. இரும்புச்சத்து மாத்திர போட்டா கருப்பா போகும், சாதாரணமா போகுதுன்னா போடலன்னு அர்த்தம். வரிசையில நிக்கிற இருபது பொம்பளைங்க முன்னாடி வாங்கி கட்டிக்கிட்டா. வீட்டுக்கு வந்து பாத்தா ஃபிரிட்ஜ் பின்னாடி ஒரு கவர்ல அட்டை அட்டையா மாத்திர, தமிழ்நாடு அரசு முத்திரையோட, ஒண்ணு கூட கிழிக்கல. குமட்டுதாம், வயிறு கட்டிக்குதாம்.

எனக்கு பிரைவேட்ல எட்டு தடவ செக்கப்புக்கு போனேன், ஒவ்வொரு தடவையும் ஏசி ரூம், சிரிச்ச முகம், தண்ணி பாட்டில். ஒருத்தரும் வெளிக்கி கலர் கேட்டதில்ல. மாத்திர எழுதி குடுத்தாங்க, நான் போட்டேனா போடலையான்றது என் பாடு.

அன்னிக்கே செக்கப் அட்டையில செவப்பு இங்க்ல ஹை ரிஸ்க்னு எழுதிட்டாங்க. இவ அழுவுறா. சிஸ்டர் அதுக்கும் திட்டுனாங்க, "எதுக்குடி அழுவுற, இது இருந்தாதான் எல்லாரும் உன்ன பாப்பாங்க"ன்னு. நெஜம்தான். அதுக்கப்புறம் மாசாமாசம் 9ந்தேதி ஸ்பெஷல் டாக்டர் வந்து பாக்குற நாள்ல இவள மொதல்ல கூப்ட்டாங்க. அந்த 9ந்தேதி செக்கப்ன்றது மத்திய அரசு 2016ல கொண்டு வந்தது, நாடு முழுக்க அதே தேதி. மாத்திர ஒத்துக்கலன்னு சொன்னதுக்கு ஐயர்ன் சுக்ரோஸ் ஊசி, அதாவது சலைன்ல கலந்து ட்ரிப்ஸ் மாதிரி ஏத்துறது, ஒருநாள் விட்டு ஒருநாள். வெளிய இதுக்கு என்ன வாங்குறாங்கன்னு மெடிக்கல்ல கேட்டு பாருங்க, இங்க பைசா கிடையாது. முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு பாத்தா 10.4. கூடவே மாத்திரைய எப்படி போடணும்னு சொல்லிக் குடுத்தாங்க, டீ காபியோட போடாத, பால் குடிச்ச கையோட போடாத, கால்சியம் மாத்திரையையும் இதையும் ஒரே நேரத்துல முழுங்காத, எலுமிச்ச ஜூஸோட போடு, ராத்திரி படுக்கப்போற நேரத்துல போட்டா குமட்டல் தெரியாது. இதெல்லாம் பெரிய ரகசியமான்னு கேக்காதீங்க, எனக்கு எவனும் சொல்லல. அந்த சர்வேலயே தமிழ்நாட்டுல மாசமா இருக்குறவங்கள்ல கிட்டத்தட்ட பாதி பேருக்கு ரத்தசோகன்னு வந்திருக்கு. மாத்திர குடுக்காம இல்ல, எல்லாம் ஃபிரிட்ஜ் பின்னாடி இருக்குன்னு நெனைக்கிறேன்.

சக்கர டெஸ்ட் பத்தி ஒண்ணு சொல்லணும். வெறும் வயித்துல வரணுமான்னு கேட்டேன், வேணாம் சாப்ட்டே வாங்கன்னுட்டாங்க. எனக்கு சந்தேகம், தப்பா சொல்றாங்களோன்னு. அப்புறம்தான் தெரிஞ்சது, 75 கிராம் குளுக்கோஸ் கரைச்சு குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒரே ஒரு தடவ ரத்தம் எடுக்குற இந்த மொறைய பரப்புனதே நம்ம சென்னை டாக்டர் வி. சேஷையா. தூரத்துல இருந்து பஸ் புடிச்சு வர்ற பொம்பள பட்டினியா வரணும், இல்லன்னா நாளைக்கு வான்னா வரவே மாட்டான்னு புரிஞ்சு யோசிச்ச டெஸ்ட் அது. ரெண்டு மணி நேரத்துல 140 தாண்டுனா கர்ப்பகால சக்கரன்னு அர்த்தம், இவளுக்கு 122, தப்பிச்சா. ஆனா அந்த ரெண்டு மணி நேரம் உக்கார எடம் இருக்கணுமே. பத்து பேர் உக்கார்ற பெஞ்சுல இருபத்தஞ்சு வயிறு. குளுக்கோஸ் தண்ணி குமட்டும், வாந்தி எடுத்தா மறுபடி மொதல்லேர்ந்து. ஒரு அக்கா பையிலேர்ந்து எலுமிச்ச தோலு எடுத்து ஆளுக்கு ஒரு துண்டா குடுத்து மோந்து பாக்க சொன்னாங்க, நாலு பேரு அன்னிக்கு அதுலதான் பொழச்சாங்க. போறவங்க கையில ஒரு எலுமிச்சம்பழம் வெச்சுக்கோங்க.

ஸ்கேன் ஒரு தலவலி. அஞ்சாவது மாச ஸ்கேன் எங்க சென்டர்ல கிடையாது, வேற சென்டருக்கு எழுதிக் குடுத்தாங்க, அங்க டோக்கன் காலைல ஏழு மணிக்கே முடிஞ்சிடும், மூணாவது தடவதான் கெடச்சுது. நடுவுல பொறுமை இல்லாம வெளிய காசு குடுத்து எடுத்துடலாம்னு நானே சொன்னேன். அவசரம்னா எடுத்துக்கோங்க, தப்பில்ல.

பெட்டகம் பத்தி எல்லாரும் கேப்பீங்க. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்திட்டத்துல மொத்தம் 18,000, அதுல 14,000 கைக்கு காசு, மீதி 4,000க்கு ரெண்டு ஊட்டச்சத்து பெட்டகம். 2006ல 6,000, 2011ல 12,000, 2018ல 18,000ன்னு ஏறுன தொகை, அதுக்கப்புறம் ஏறல, நெய் வெல ஏறிடுச்சு. பெட்டகத்துல ஹெல்த் மிக்ஸ், இரும்புச்சத்து டானிக், பேரீச்சம்பழம், புரோட்டின் பிஸ்கெட், ஆவின் நெய், பூச்சி மாத்திர, ஒரு துண்டு, கப்பு. பேரீச்சம்பழம் நல்லா இருந்துச்சு. ஹெல்த் மிக்ஸ் அப்படியே கலக்குனா சுண்ணாம்பு தண்ணி மாதிரி இருக்கும், கஞ்சியா காய்ச்சி வெல்லம் தட்டி போடுங்க. நெய்ய யார் சாப்ட்டா? மாப்பிள்ளையோட தம்பி. தோசைக்கு ஊத்தி ஊத்தி ஒரு வாரத்துல காலி. நம்ம வீட்ல நடக்குறதுக்கு அரசாங்கம் என்ன பண்ணும்.

எங்க சித்தி, முத்துலட்சுமி ரெட்டின்னா ஏதோ எம்எல்ஏ பேருன்னு நெனச்சுக்கிட்டு இருந்தாங்க. ஒரு வகையில தப்பில்ல, மெட்ராஸ் சட்டசபைக்குள்ள போன மொத பொம்பள அவங்கதான். புதுக்கோட்டையில 1886ல பொறந்து டாக்டருக்கு படிச்சு, பின்னாடி 1954ல அடையார் கேன்சர் இன்ஸ்டிடியூட்ட ஆரம்பிச்சவங்க.

காசு கதை வேற. மொத தவண வரணும், வரல. போய் கேட்டா "அனுப்பியாச்சு, சக்சஸ்னு காட்டுது"ன்றாங்க. பாஸ்புக்ல ஒண்ணும் இல்ல. ரெண்டு மாசம் சண்ட. கடைசில பாத்தா கல்யாணத்துக்கு முன்னாடி அவ வேலை செஞ்ச கம்பெனியில சம்பளத்துக்குன்னு ஓப்பன் பண்ண பழைய அக்கவுண்ட்டு ஒண்ணு ஆதாரோட லிங்க் ஆகி கெடந்திருக்கு, நாம எந்த பாஸ்புக் ஜெராக்ஸ் குடுத்தாலும் காசு ஆதார் எங்க லிங்க் ஆகியிருக்கோ அங்கதான் போயிருக்கு. அந்த பேங்குக்கு போனா மினிமம் பேலன்ஸ் இல்லன்னு அதுலேர்ந்து கொஞ்சம் புடிச்சிருக்கான் பாவி. மாசமா இருக்குறவளுக்கு அரசாங்கம் குடுத்த காசுல பேங்க் அபராதம். பதியும்போதே உங்க ஆதார் எந்த அக்கவுண்ட்டோட இருக்குன்னு பேங்க்ல போய் பாத்துடுங்க, இத சென்டர்ல யாரும் சொல்ல மாட்டாங்க.

இப்ப அந்த ராத்திரி. ஹை ரிஸ்க்னு இருந்ததால பிரசவத்துக்கு பெரிய ஆஸ்பத்திரின்னு முன்னாடியே அட்டையில எழுதிட்டாங்க. சென்னையில இதுக்கு பஞ்சமில்ல, எக்மோர் ஆஸ்பத்திரி 1844ல ஆரம்பிச்சது, திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி 1885ல, வெளிய முகம் காட்டாத பொம்பளைங்களுக்குன்னே தொடங்குனது. எங்க பாட்டி எங்கப்பாவ பெத்தது கோஷால. நாங்க போனது இந்த ரெண்டும் இல்ல, பேரு வேணாம்.

ரெண்டு நாளா வலி வந்து வந்து போச்சு, அம்மா சூட்டு வலின்னு சீரகத்தண்ணி வெச்சு குடுத்தாங்க. மூணாவது நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு பனிக்குடம் ஒடைஞ்சிடுச்சு. மாப்பிள்ள டூட்டியில. 108க்கு அடிச்சேன், பதினஞ்சு நிமிஷம்கூட ஆகல, வந்துட்டாங்க. எங்க சந்துக்குள்ள வண்டி வராது, பைக் நிறுத்தி வெச்சிருப்பானுங்க ரெண்டு பக்கமும். அந்த தம்பி எறங்கி நடந்து உள்ள வந்து இவ கைய புடிச்சு மெதுவா கூட்டிட்டு போனாரு, போற வழியில நீட்டிக்கிட்டு இருந்த பைக்க எல்லாம் ஒரு கையால தள்ளி தள்ளி. வண்டியில ஏறுனதும் அட்டைய வாங்கி செவப்பு இங்க்க பாத்தாரு, ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு சொல்லிட்டாரு. நாங்க போய் எறங்கும்போது வீல்சேர் வாசல்ல.

லேபர் வார்டுக்குள்ள கூட ஒரு பொம்பளைய விடுறாங்க, பர்த் கம்பேனியன்னு பேரு. இது அரசு ஆஸ்பத்திரில பெரிய விஷயம்ங்க. எனக்கு பிரைவேட்ல லட்ச ரூவா வாங்கிட்டு எங்கம்மாவ ரிசப்ஷன் சோபால உக்கார வெச்சாங்க. இங்க நான் உள்ள, அவ தலமாட்டுல, கைய புடிச்சுக்கிட்டு. புருஷன விடமாட்டாங்க, பெட்டுக்கு பெட்டு ஒரு ஸ்கிரீன்தான், அது நியாயம்தான்.

ஆனா அந்த பேச்சு. பக்கத்து பெட்ல ஒரு பொண்ணு, பத்தொம்பது இருபது வயசு இருக்கும், வலி தாங்காம கத்துறா. அதுக்கு அங்க இருந்தவங்க சொன்னத இங்க எழுத மாட்டேன், அரசு ஆஸ்பத்திரில பெத்தவங்களுக்கு அந்த டயலாக் தெரியும், பத்து மாசம் முன்னாடி நடந்தத இழுத்து பேசுறது. அந்த பொண்ணு கத்துறத நிறுத்திட்டு பொடவ முந்தானைய வாயில வெச்சு கடிச்சுக்கிட்டா. சரியா அவ தலைக்கு மேல செவுத்துல ஒரு போர்டு, லக்‌ஷ்யா, மரியாதையான பிரசவ கவனிப்பு, சிரிக்கிற அம்மா படம். 2017ல மத்திய அரசு கொண்டு வந்த திட்டம். போர்டு வெச்சாச்சு, வாய்க்கு யாரு பூட்டு போடுறது. நான் எங்க ஏரியா சிஸ்டர் திட்டுறத பத்து மாசம் கேட்டவ, எனக்கு திட்டு புதுசில்ல. அவங்க திட்டுனா இவ சாப்ட்டாளான்னு இருக்கும் அதுல. இங்க திட்டுனது அவ வாய மூட வைக்க. ரெண்டும் ஒண்ணு இல்ல, கேக்குறவளுக்கு நல்லாவே தெரியும்.

இன்னொரு கடுப்பு காப்பர் டி, அடுத்த கொழந்த தள்ளிப்போட கர்ப்பப்பையில வெக்கிறது. வலி உச்சத்துல இருக்கும்போது பேப்பர நீட்டி "கொழந்த பொறந்ததும் காப்பர் டி போட்டுடலாம், கையெழுத்து போடு"ன்றாங்க. இவ வேணாம்னா. அரைமணி நேரத்துல வேற ஒருத்தர் வந்து அதே பேப்பர். மூணாவது தடவ நான் குறுக்க விழுந்து "மேடம், அவ வேணாம்னு சொல்லிட்டா"ன்னேன், நீ யாரும்மா பேசுறதுக்குன்னாங்க. காப்பர் டி நல்லதுதான், நானே போட்டிருக்கேன், ஃப்ரீயா குடுக்குறதும் நல்லதுதான். அத ஏழாவது மாச செக்கப்புல உக்கார வெச்சு பேசுனா எவளும் யோசிச்சு சொல்லுவா. இடுப்பு ஒடையும்போதா கேக்குறது?

அந்த சின்ன டாக்டரம்மா, மேல் படிப்பு படிக்கிற பொண்ணு போல, அரைமணிக்கு ஒருதடவ வந்து கொழந்த துடிப்பு கேட்டு சார்ட்ல புள்ளி வெச்சுட்டு போவாங்க. கண்ணு செவந்து கெடக்கு, அதுலயும் "இன்னும் கொஞ்ச நேரம்தான்ம்மா, நல்லா போகுது"ன்னு ஒரு வார்த்த. காலைல பதினொன்னே முக்காலுக்கு சுகப்பிரசவம். பொண்ணு, 2 கிலோ 800. நான் கொழந்தைய பாத்துட்டு திரும்புறேன், கீழ ரத்தம் நிக்கல. அதுவரைக்கும் அங்கங்க ஒக்காந்திருந்தவங்க எல்லாம் எங்கேர்ந்து வந்தாங்கன்னே தெரியல, ஒருத்தர் வயித்த அமுக்கி தேய்க்கிறாரு, ஒருத்தர் ஊசி, ஒருத்தர் ரெண்டாவது கையில ட்ரிப்ஸ், பெரிய டாக்டர் உள்ள வர்றாரு, ரத்தம் ரெடியான்னு கேக்குறாரு, ரெடின்றாங்க. காலைலயே குரூப் பாத்து எடுத்து வெச்சிருக்காங்க, செவப்பு இங்க்குக்காக. திட்டுன அதே அம்மா, ராத்திரி பூரா திட்டுன அதே அம்மாதான் வயித்த விடாம தேய்ச்சுக்கிட்டு இருந்தது. கால்மணி நேரம் இருக்கும். ரத்தம் ஏத்தாமலே நின்னுடுச்சு. அப்புறம் பெரிய டாக்டர் அட்டைய பாத்துட்டு சொன்னாரு, "எட்டுலயே வந்திருந்தா கஷ்டம், பத்துக்கு மேல இருந்ததால தாக்குப்புடிச்சா. யாரும்மா ஊசி போட வெச்சது?"

எனக்கு பேச்சு வரல. வெளிக்கி கலர் கேட்ட சிஸ்டர்னு சொல்லவா முடியும்.

2018-20 கணக்குல தமிழ்நாட்டுல ஒரு லட்சம் கொழந்த பொறந்தா 54 தாய் எறக்குறாங்க, இந்தியா முழுக்க பாத்தா 97. பேப்பர்ல எப்பவோ படிச்சது, அன்னிக்கு அந்த பெஞ்சுல உக்காந்து டீ குடிக்கும்போது ஞாபகம் வந்துச்சு, கை நடுங்கி பாதி டீ கீழ.

வார்டுக்கு மாத்துனதுக்கு அப்புறம் கெட்டது நெறைய. கொழந்தைய துடைச்சு கையில குடுக்க ஆயா காசு. பொண்ணுன்னா ஐநூறு, பையன்னா ஆயிரம், ரேட் கார்டு அடிச்சு ஒட்டாத கொற. "பொண்ணுதானேம்மா, கம்மியாதான் கேக்குறேன்"னு சொன்னாங்க பாருங்க, அதுக்கே குடுக்கக்கூடாதுன்னு தோணுச்சு. முன்னூறுல முடிச்சேன். டிஸ்சார்ஜ் அன்னிக்கு வீல்சேர் தள்ள நூறு. எல்லாம் இலவசம்னு வாசல்லயே எழுதி போட்டிருக்கு, புகார் குடுக்க 104னும் போட்டிருக்கு. நான் அடிக்கல. கொழந்த உள்ள இருக்கு, அவங்க கையிலதான இருக்கணும்னு ஒரு பயம், எல்லாரும் இப்படித்தான் விடுறோம். பாத்ரூம் தாழ்ப்பா கெடையாது, ஒருத்தர் உள்ள போனா ஒருத்தர் வெளிய காவல். ராத்திரி பதினோரு மணிக்கு மேல தண்ணி வராது, பக்கெட்டும் மக்கும் நீங்களே கொண்டு போயிடுங்க. பழைய காட்டன் பொடவ நாலஞ்சு, ஃப்ளாஸ்க், ஆதார் ஜெராக்ஸ் அஞ்சு காப்பி, சில்லற. கொசுவத்தி விடமாட்டாங்க.

சாப்பாடு பரவால்ல, பாலு ரொட்டி முட்ட எல்லாம் நேரத்துக்கு வந்துச்சு. கொழந்தைக்கு பிசிஜி, சொட்டு மருந்து, மஞ்சக்காமால ஊசி எல்லாம் அங்கயே போட்டுதான் அனுப்புனாங்க. 16 பொருள் இருக்குற கொழந்த பெட்டகம் குடுத்தாங்க, கொசுவல வெச்ச குட்டி மெத்த, நகவெட்டி, கிலுகிலுப்ப, அம்மாவுக்கு சௌபாக்கிய சுண்டி லேகியம்கூட. லேகியத்த எங்க சித்தி ருசி பாக்குறேன்னு பாதி தின்னுட்டாங்க, அவங்க பெத்து முப்பது வருஷம் ஆச்சு. வீட்டுக்கு கொண்டுவந்து விட 102 வண்டி, ஃப்ரீ, ஆனா மூணு தாய் மூணு கொழந்தைய ஒண்ணா ஏத்திக்கிட்டு ஊர சுத்தி வந்தாங்க, ரெண்டு மணி நேரம். அவசரம்னா ஆட்டோ புடிங்க. பொறப்பு சர்டிபிகேட் பிக்மி நம்பர் இருந்ததால சிக்கல் இல்ல, பேரு ஒரு வருஷத்துக்குள்ள சேத்தா காசு கெடையாது, அதுக்குள்ள சண்ட போட்டு பேர முடிவு பண்ணிடுங்க.

மொத்த செலவு எங்களுக்கு, ஆயா காசு ஆட்டோ காசு எல்லாம் சேத்து ஆறாயிரம் சொச்சம். நான் விட்ட லீவு தனி.

வீட்டுக்கு வந்த மூணாவது நாள் சிஸ்டர் ஸ்கூட்டில வந்து நின்னாங்க. உள்ள வந்ததும் கொழந்தைய பாக்கல, இவ கண்ண கீழ இழுத்து பாத்தாங்க, செவப்பா இருக்கான்னு. அப்புறம்தான் கொழந்த. ஜன்னல் சாத்தி சாம்பிராணி போட்டிருந்ததுக்கு எங்கம்மாவுக்கு விழுந்துச்சு திட்டு. சக்கரத்தண்ணி நாக்குல தடவுனீங்களான்னு கேட்டாங்க, அம்மா இல்லன்னாங்க, எனக்கு தெரியும் தடவுனாங்கன்னு, சிஸ்டருக்கும் தெரியும், அட்டையில ஏதோ எழுதிக்கிட்டு போயிட்டாங்க. தங்கச்சி போன்ல அவங்க நம்பர் "திட்டு சிஸ்டர்"னுதான் சேவ் ஆகியிருக்கு. புதன்கிழம தடுப்பூசி நாளுன்னா செவ்வாய் சாயங்காலமே போன் வந்துடும். எனக்கு அந்த பிரைவேட்லேர்ந்து இன்னும் எஸ்எம்எஸ் வருது, முழு உடல் பரிசோதன முப்பது பர்சன்ட் தள்ளுபடின்னு.

ரெண்டாவது தவண வந்துடுச்சு, இந்த தடவ சரியான அக்கவுண்ட்டுக்கே. மூணாவது 2,000 ஒன்பதாவது மாச ஊசிக்கு அப்புறம்னு சொல்லியிருக்காங்க, வந்தா இங்கயே அப்டேட் பண்றேன்.